எங்கள் வீட்டு போன் மூன்று இரவாக எங்கேஜ்

இன்றைக்கு ஸ்கூல் கன்டீனில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

(சத்தமில்லாமல் படியுங்கள். ஹாலில் அப்பா டிவி பார்க்கிறார். அண்ணனுக்குப் பிறை என்கிற ஊரில் ஃபேக்டரி நைட் ஷிஃப்ட், அதனால் அவன் கம்ப்யூட்டர் என் கையில்.)

போன வாரம் எங்கள் தமிழ் வகுப்புக்கு மாலதி அக்கா வந்தார். மாணவர்களைப் பத்து மாதம் ஜப்பானில் படிக்க அனுப்பும் திட்டத்துக்கு ஆள் சேர்க்கும் தொண்டர். சம்பளம் கிடையாது. எங்கள் தீவுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஆபீஸ் வேலை. அதற்கு லீவு போட்டுவிட்டு ஃபெரி ஏறி வந்திருந்தார்.

படமெல்லாம் காட்டி, யார் போகிறீர்கள் என்று கேட்டார்.

ஒரு கைகூட எழவில்லை.

அக்கா அசரவில்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார்.

"நீங்க போக வேணாம் லா. இந்த கிளாஸ்ல யாரு போனா நல்லா இருக்கும், அவங்க பேர மட்டும் எழுதுங்க."

அடுத்தவரை அனுப்புவது என்றால் கேட்கவா வேண்டும்! அத்தனை பேரும் குனிந்து எழுதினோம். நான் பக்கத்து இருக்கைக் கவிதாவின் பெயரை எழுதினேன்.

தாள்களைப் பிரித்தால், அதிகம் வந்தது என் பெயர். (பல்லியைக் கண்டால் மேசை மேல் ஏறுகிறவள் நான்.)

கவிதாவை முறைத்தேன்.

"நீ போனா ஃபேனுக்குக் கீழ உள்ள எடம் எனக்குத்தானே" என்றாள்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போக ஆசையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை தானாக ஆமாம் என்று ஆடிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கையெழுத்து வாங்க வேண்டிய சம்மத பாரத்தை என்னிடம் கொடுங்கள், அப்பாவிடம் காட்டுகிறேன் என்றேன். அக்கா சிரித்தார்.

"பிள்ளைங்க கையில குடுத்தா பாரம் பேக் அடியிலேயே கெடக்கும். நானே வீட்டுக்கு போன் பண்ணிப் பேசுறேன்."

அங்கேதான் சிக்கல்.

என் அப்பா ஃபெரி இறங்கினால் வரும் பட்டர்வொர்த்துக்கே என்னைத் தனியாக அனுப்பியதில்லை. ஒரு முறை முடியாது என்றால் முடிந்தது. அம்மா பேசினாலும் மாறாது. ஆனால் யாரும் அவரைக் கேட்காத வரை அவர் முடியாது என்று சொல்லவில்லை, இல்லையா?

இதுதான் என் மூளை போட்ட திட்டம். (மூளை என்றா சொன்னேன்?)

அக்கா ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார். அதனால் மூன்று இரவாக எட்டடித்ததும் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, போன் ஒயரை உருவி, மோடம் ஒயரைச் செருகிவிடுகிறேன். கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ். எனக்கு இன்டர்நெட்டில் நீங்கள். மூன்று நாளாக உங்கள் பழைய பதிவுகளுக்கெல்லாம் நான் ஏன் பதில் போட்டேன் என்று இப்போது புரிகிறதா?

இன்றைக்கு அக்கா மறுபடியும் ஸ்கூலுக்கு வந்து, கன்டீனில் என் முன்னால் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுல யாரும்மா அவ்ளோ நேரம் பேசுறது?"

"அம்மா" என்றேன். (அம்மா, மன்னித்துவிடு.)

"இன்னிக்கு ராத்திரியும் போடுவேன். பத்து மணி வரைக்கும் போடுவேன். கெடைக்கலன்னா உன் எடம் அடுத்த பேருக்குப் போயிடும். நாளைக்கு லிஸ்ட் குடுக்கணும் எனக்கு."

அப்படியும் எட்டு மணிக்கு ஒயரை உருவிவிட்டேன். கை கேட்கவில்லை.

சற்று முன்பு அப்பா ரிசீவரை எடுத்துப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நான் மூச்சு விடவில்லை.

"பகல்ல நல்லாதான் இருக்கு. ராத்திரியானா செத்துப் போவுது. நாளைக்குப் போய் கம்ப்ளெய்ன் பண்ணணும்."

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"விடுங்க. நம்மள யாரு கூப்பிடப் போறா."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

கூப்பிடுகிறார்கள் அம்மா. மூன்று இரவாக அக்கரையிலிருந்து ஒருவர் நம் நம்பரைத்தான் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

மணி ஒன்பது ஐம்பது. அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் அடிக்கும்போது ஹாலில் நிற்பதா, பாத்ரூமில் ஒளிவதா? தெரிந்தவர்கள் எழுதி வையுங்கள், நாளைக்குப் படிக்கிறேன்.

இப்போது லைனை விடுகிறேன்.