ஒரு ஃபால்ஸ் அகலத் தண்ணீர்

அடையாறு முகத்துவாரத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு காலி மனை இருக்கிறது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா, கடைக்குக் குடோன் கட்டலாமென்று வாங்கிப் போட்டது. பள்ளமான இடம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் வரும். வெள்ளை உடம்பு, மொட்டைக் கறுப்புத் தலை, அரிவாளாய் வளைந்த அலகு. சதுப்பு நிலமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்ட ஊரில் அவற்றுக்கு இறங்க இடம் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு அந்தக் காரணம் போதும். குடோன் வேண்டாம் என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. கடையில் பேரம் பேசிப் பழகியவர்.

"ஏட்டி, ஒரு மழைக்காலம் தாரேன். கொக்கு வந்தா குடோனுக்கு வேற எடம் பாக்கேன். வரலேன்னா தையில மண்ணடிச்சு மேடாக்கிருவேன்."

"அது கொக்கு இல்லப்பா."

"எதுவோ. வரணும்."

அவர் முன்பே சொல்லிவைத்திருந்த மண் லாரி மறுநாள் மனைக்கு வந்து நின்றது. மண்ணை இறக்கவே விடாமல் திருப்பி அனுப்பினேன். கோடை முழுக்க வேலை. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தேன். யார் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாட்டை ஆள் வைத்து அள்ளினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகம் தாங்காமல் ஜேசிபி வரவழைத்து நடுவில் ஆழமாகத் தோண்டினேன். தண்ணீர் கூடினால் பறவையும் கூடும் என்பது என் கணக்கு.

ஐப்பசியில் மழை கொட்டியது. குளம் நிரம்பிப் பார்க்க அம்சமாக இருந்தது. நீர்க்காகங்கள் வந்து முங்கி முங்கி எழுந்தன. அரிவாள் மூக்கன்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின, இறங்காமல் போய்விட்டன. மறுநாளும் அப்படியே. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி மைதானத்தில், கணுக்கால் மட்டும் நனையும் தேக்கத்தில், சேற்றை அலகால் குத்தியபடி நடந்துகொண்டிருந்தன. அவை நடந்து மேய்பவை. என் குளத்தில் எங்கே கால் ஊன்றும்?

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். சேலை மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம், ஆழமாகத் தோண்டிக் கெடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"ஏட்டி, அப்ப எவ்வளவு தண்ணிதான் நிக்கணும்?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். அவர் அலமாரியிலிருந்து, சேலைக் கரைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணியை எடுத்து என் கையில் வைத்துப் பார்த்தார். துணியின் அகலம் சரியாக இருந்தது.

"அப்ப இதான் அளவு. இதுக்கு மேல ஏறக் கூடாது."

அளவு கிடைத்துவிட்டது. இனி மண் வேண்டும். திருப்பி அனுப்பிய லாரிக்காரருக்கே போன் செய்தேன்.

"இன்னாம்மா, அன்னிக்கி மண்ணே வோணாம்னு தொரத்திக்கினு வந்தே. இப்ப கொட்டணுமா?"

"கொட்டணும்ணா. ஆனா மேடாகக் கூடாது."

"பள்ளமும் கூடாது, மேடும் கூடாது. நல்லா கீதும்மா உன் கதை."

சிரித்துக்கொண்டே வந்தார். மழை விட்ட இடைவெளியில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, மண்ணைக் கொட்டி, கரையிலிருந்து சரிவாக இழுத்துவிட்டோம். ஒரு குச்சியில் ஃபால்ஸ் அகலத்துக்குக் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஊன்றிப் பார்ப்பேன். ஆழம் கூடினால் மண் போடுவேன், குறைந்தால் சுரண்டுவேன். உள்ளங்கை கொப்புளித்தது. கார்த்திகை போயிற்று. தை நெருங்கிக்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு காலை, அரிவாள் மூக்கன் ஒன்று இறங்கியது. சரிவில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அலகைச் சேற்றில் விட்டது. கடைக்குப் போன் போட்டேன்.

"நிக்குதா, நடக்குதா?"

"நடக்குதுப்பா. குத்தித் தின்னுது."

"இருங்கம்மா, பொண்ணு போன்ல இருக்கா," என்று யாரோ வாடிக்கையாளரிடம் சொன்னார். பிறகு என்னிடம்: "சரி, குடோனுக்கு மேற்கு மாம்பலத்துல எடம் பாக்கேன். நீ உக்காந்து வேடிக்கை பாக்கியா? அடுத்த மழைக்கு அந்தச் சரிவு கரைஞ்சிரும். கெட்டி பண்ணு."

அதற்குள் இன்னொன்றும் இறங்கியது. அவை மேய்ந்து முடிக்கட்டுமென்று மனையின் மதிலுக்கு இந்தப் பக்கம் மண்வெட்டியோடு காத்திருந்தேன்.