மோட்டார் தறிக்கு ஒரு போட்டோ

ஆரணியில் நெசவாளி கஸ்தூரியம்மா வீட்டில் காத்திருக்கிறேன். தங்கையின் கல்யாணப் புடவையில் முந்தானை மட்டும்தான் பாக்கி. அது முடிந்தால் வாங்கிக்கொண்டு வந்தவாசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கஸ்தூரியம்மா காலால் மிதித்து வந்த வேலையை இப்போது அரசு மானியத்தில் வந்த சின்ன மோட்டார் செய்கிறது. மானியக் கணக்குக்காக அதைப் படமெடுக்கக் கைத்தறித் துறை அதிகாரி வந்திருக்கிறார். இது மூன்றாம் முறை. ஓடினால் படம் கலங்குகிறது என்று மோட்டாரை நிறுத்திவிட்டார்.

படத்தோடு எடுத்த இடமும் பதிவாக வேண்டுமாம்; அரை மணி நேரமாகியும் அவர் செல்போனில் இருப்பிடம் பதிவாகவில்லை.

"தறியைக் கொஞ்சம் வாசலுக்குக் கொண்டாற முடியுமாம்மா?" என்கிறார்.

"குழியில நட்ட தறிங்க அது. வேணும்னா வூட்டைத் தூக்கிகினு வரட்டுங்களா?"

நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அதிகாரி செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காத்திருந்து, இருப்பிடம் கிடைத்ததும் சட்டென்று உள்ளே திருப்பிப் படமெடுக்கிறார். பிறகு படிவத்தைப் பிரிக்கிறார்.

"மோட்டார் வந்தப்புறம் உற்பத்தி கூடியிருக்கா?"

"முட்டி வலியே போச்சுங்க. ஒரு பொடவைக்கு ரெண்டு நாள் மிச்சமாவுது," என்கிறார் கஸ்தூரியம்மா. "அந்த ரெண்டு நாளும் உங்களுக்கு போட்டோ குடுக்கவே சரியாப் போவுது."

அதிகாரி வாய்விட்டுச் சிரிக்கிறார். படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு, தானே எழுந்துபோய் சுவிட்சைப் போடுகிறார்.