தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

மேட்டு ரோட்டில் பிள்ளைத் துணி காயாது. வேலைக்குப் போன முதல் நாளே அதைத்தான் பார்த்தேன். கீழே நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் கொடியெல்லாம் பிள்ளைத் துணி. மேட்டுப் பங்களாக்களில் வெள்ளைச் சட்டை, பட்டுக் கால்சட்டை, பெரிய பெரிய போர்வை. எல்லாம் வயதானவர்களுடையவை.

ஈயச் சுரங்கத்தில் சம்பாதித்த சீனர்கள், பெரிய வேலை பார்த்து ஓய்ந்த யாழ்ப்பாணத்தார், ஓரிரு வெள்ளைக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிங்கப்பூரில் இருந்தார்கள், லண்டனில் இருந்தார்கள். வாசலில் மோட்டார் கார் நிற்கும், ஓடாது. சாயங்காலமானால் வராந்தாவுக்கு ஒருவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டோடு பேச்சு கிடையாது. நான் நடந்துபோனால் தலைகள் மட்டும் திரும்பும். வேலைக்காரர்களும் கிழடுகள்தான். அந்த ரோட்டில் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

நான் கூட்டித் துடைத்தது ஒரு சீன அம்மாளின் வீடு. நோனியா என்று கூப்பிடுவோம். புருஷன் போய் வெகு காலம். பின்கட்டில் நோனியாவின் சவப்பெட்டி இருந்தது. தனக்கென்று முன்பே வாங்கி வைத்தது. அவர்களில் அது வழக்கம். அதைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். பிறகு மேசை மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அதற்கு முன் இரண்டு பிறந்து தங்கவில்லை. மூன்றாவது பிறந்தபோது அடுத்த வீட்டு அக்கா சொன்னாள்.

"உன் கைக்குத் தங்கலடி. இத உன் பிள்ளைன்னு வச்சிக்காத. ஆயுசு கண்ட பொம்பளையாப் பாத்துத் தவிட்டுக்குக் குடுத்துடு. அப்புறம் அவ பிள்ளைய நீ வளக்கிற மாதிரி வள."

"யாருகிட்டக்கா குடுக்கிறது?"

"ஏன், உன் மேட்டு வீட்டுக் கிழவி இல்ல? எமனே வழி தெரியாம சுத்துறான் அங்க."

பிள்ளை தங்காத வீட்டில் இதைச் செய்வார்கள். நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டால், எடுத்துப்போக வருவது ஏமாந்து திரும்பிவிடும். என் புருஷன் அதைக் கேட்டுவிட்டுத் தண்டவாள வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டுத் தோட்டக்கார அண்ணன் நம்ம ஆள். மலாயில் அவர்தான் நோனியாவுக்கு விளக்கினார். நோனியா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாத்துத் தீனிக் கூடையிலிருந்து தவிடு அள்ளி என் முறத்தில் போட்டார். ஒரு கை போதும். அவர் முறம் நிறையப் போட்டார். பிள்ளையை வாங்கி உச்சியை மோந்தார். பிறந்ததிலிருந்து அழுத பிள்ளை, சட்டென்று நிறுத்தியது.

"என்னாம்மா, வாத்துத் தீனிக்கு வித்துட்டியே" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே."

நோனியா பிள்ளையோடு பின்கட்டுக்குப் போனார். வேலை முடியும் நேரத்தில்தான் திருப்பித் தந்தார். "சாயா புன்யா" என்றார். என்னுடையது என்று அர்த்தம். சடங்குக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிள்ளை தேறியது. தினமும் கூடவே தூக்கிப்போனேன். வராந்தாவில் இருந்தவர்கள் வேலிக்கு வர ஆரம்பித்தார்கள். பேச மாட்டார்கள். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நோனியா பிள்ளையைப் படுக்கவைத்து, தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்து அளப்பார். முடிச்சுப் போட்டு அந்த நூலைச் சவப்பெட்டி மேல் வைப்பார். பிறகு உட்கார்ந்து தைப்பார். என்ன தைக்கிறார் என்று காட்ட மாட்டார். பிள்ளை வளர வளர மறுபடி அளந்து, பிரித்து, மறுபடி தைப்பார். காலையில் நூல்களை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் துடைப்பேன்.

பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அண்ணன் என்னை நிறுத்தினார்.

"சாயங்காலமானா பிள்ளைய ஏன் கீழ கொண்டுபோறன்னு நோனியா கேக்குறாங்க."

"அது சாங்கியம்னு நீங்க சொல்லலியாண்ணே?"

"சொன்னேன் லா. அவங்க ஆளுங்க நெசமாவே பிள்ளைய வாங்கி வளப்பாங்க. தவிட்ட வாங்கிக்கிட்டாளா இல்லையாங்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"தவிட்டத் திருப்பிக் கொட்டுனா முடிஞ்சுது" என்றாள். "ஆனா அப்புறம் அது உன் பிள்ள. யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது. என் பிள்ளைகள் தங்காது.

மழைக்காலத்தில் நோனியா படுத்துவிட்டார். ஒரு சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் போடச் சொன்னார். விடியும்வரை இருக்கட்டும் என்றார். அன்றைக்கு நான், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முறத்தில் தவிடு கொண்டுபோயிருந்தேன். கட்டிலருகே நின்றேன். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. முறத்தை நான் நீட்டவில்லை. தவிட்டை வாத்துக்குக் கொட்டிவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தேன்.

விடிந்தபோது விரல் பிள்ளையின் கையில்தான் இருந்தது. விறைத்திருந்தது. பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து நோனியாவின் மகன் வந்தார், தனியாக. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துப் பிரித்தார். முரட்டுச் சாக்குத் துணியில் சின்னச் சட்டை, சின்னக் குல்லாய். பெற்றவர் செத்தால் அவர்களில் பிள்ளைகள் உடுத்துவது. நோனியா தைத்துக்கொண்டிருந்தது அதுதான். கடைசியாக அளந்த அளவுக்கே இருந்தது. பெட்டிக்குப் பின்னால் நடக்க அந்த வீட்டில் வேறு சின்னப் பிள்ளை இல்லை.

"வேணாம்மா" என்றார் அண்ணன், காதோடு. "சாவுத் துணி. நமக்கு ஆகாது. உன் பிள்ளைன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போ."

அதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். நான் சொல்லவில்லை. உடுத்திவிட்டேன். சரியாக இருந்தது.

பெட்டிக்குப் பின்னால் பிள்ளை கொஞ்சம் நடந்தது. பிறகு மகன் தூக்கிக்கொண்டார். ஓரமாக நான் போனேன். வராந்தாக்களில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெட்டியை யாரும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார்கள். அடுத்த பங்களாவின் கிழவி வேலிக்கு வந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் விரலில் நூல் சுற்றியிருந்தது.

அதோடு மேட்டு ரோட்டுக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

பிள்ளை இருக்கிறாள். கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள். வந்து போகும்போது, உங்க மகளா என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள்.

மேட்டு வீட்டுப் பிள்ளை, வளர்த்தது நான் என்பேன்.