செல்வின் ஒரு ஊசிகூட விடவில்லை

செல்வின் இன்று விடியற்காலை போய்விட்டான். தூத்துக்குடியில், அவன் வீட்டில். கல்லீரல்தான்...

எங்கள் பழைய கம்பெனி லைன் ஆட்கள் நிறைய பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

2004 வாக்கில் ஒரகடம் ரோட்டில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி. பிள்ளைப்பாக்கத்துக்காரன் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், அவன் பிரஸ் ஆப்பரேட்டர்.

கம்பெனி ரத்ததான கேம்ப்பில் கொடுத்த ரத்தம்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு பேருக்கும் ஹெபடைடிஸ் சி.

ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ட்ரெயினில் சென்னை ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர், ஒரே ஊசி, ஒரே மாத்திரை. வாராவாரம் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அவரவர் வீட்டில் ஊசி, ஞாயிறு முழுக்கக் காய்ச்சல், திங்கள் மறுபடியும் லைன்.

மூன்றாம் மாதம் டெஸ்ட். எனக்கு வைரஸ் இல்லை. அவனுக்கு இருந்தது.

எனக்கு இன்ஸ்பெக்டர் புத்தி. ஒரே மெட்டீரியல், ஒரே செட்டிங், ஒரு பீஸ் மட்டும் ரிஜெக்ட் என்றால் ஆப்பரேட்டர் மேல்தான் எழுதுவோம். கேண்டீனில் எல்லார் முன்னாடியும் கேட்டுவிட்டேன்.

"இன்னாபா, ஊசிய வுட்டுட்டு சரக்கடிச்சிக்கினு கீறியா?"

அவன் மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவை என் டேபிளில் கவிழ்த்தான். அதுவரை போட்ட ஊசிகளின் காலி மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் தேதி.

"எண்ணிப் பாருல. ஒண்ணு கொறஞ்சாலும் என்னைய ரிஜெக்ட்டுன்னு எழுது."

எண்ணினேன். சரியாக இருந்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் நானே கேட்டேன்.

"நோய்ப் பேருதான் ஒண்ணு, வைரஸ் ரகம் வேற. உங்களுது ஆறு மாசத்துல அடங்கிடும். அவரோடது பிடிவாதம் பிடிக்கிற ரகம், ஒரு வருஷம் போட்டாலும் உறுதி சொல்ல முடியாது. லிவர்லயும் ஏற்கெனவே தழும்பு இருக்கு. அவர் மேல தப்பே இல்ல."

திரும்பும்போது ட்ரெயினில் சாரி சொன்னேன். "விடுல, இன்னும் ஒம்பது மாசம் கெடக்கு" என்றான்.

முழு வருஷமும் போட்டான். முடி கொட்டியது, சட்டை தொளதொளத்தது, லைனை விடவில்லை. வைரஸ் போனது... ஆறே மாதத்தில் திரும்பி வந்தது. "வரட்டும்ல, பாத்துக்கிடுவோம்."

பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தான். புது மாத்திரை வந்தது, மூன்றே மாதம். "போயிட்டுல!" என்று போனில் கத்தினான். நான் அழுதுவிட்டேன். ஆனால் அதற்குள் கல்லீரல் ரொம்பக் கெட்டுப்போயிருந்தது.

இன்று காலை செய்தி சொன்னதும் நம் லைன் ஆள் ஒருவர் கேட்டார். "அவன் அப்பவே ஊசிய ஒழுங்கா போடலல்ல?"

இத்தனை வருஷம் கழித்தும்... அது என் வாயிலிருந்து கிளம்பிய பேச்சு. சாரியை ட்ரெயினில் சொன்னேனே தவிர, கேண்டீனில் சொல்லவில்லை.

எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குகிறேன். செல்வின் ஒரு ஊசிகூட விடவில்லை. எண்ணிப் பார்த்தவன் நான்.

போய் வா, செல்வின்.