பட்டினப்பாக்கத்துக் காலடி மண்

எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் மகளுக்கு இரண்டு. ஆஸ்பத்திரியில் எங்களை முதல்முறை பார்த்த நர்ஸ், "தாத்தா கொஞ்சம் வெளியே இருங்க, அப்பா மட்டும் உள்ளே வரட்டும்" என்றார். நான் வெளியே போய், அப்பாவாக மறுபடி உள்ளே வந்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

பிறந்தநாள் போட்டோவில் மகளின் வலது கண்மணி மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியதில் எல்லாம் தொடங்கியது. விழித்திரையில் கட்டி. சின்னக் குழந்தைகளுக்கு வருகிற கண் புற்றுநோய். நான் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். சாம்பாரில் உப்பில்லை என்று சண்டைக்கு வரும் சம்பந்திகளைச் சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. கட்டியைப் பற்றிச் சொன்ன டாக்டரையும் அப்படியே அனுப்பிவிடப் பார்த்தேன். அவர் சிரித்தார், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, கண் பிழைத்தது. மிச்சம் ஒரே ஒரு கேள்வி. இந்தக் கோளாறு அந்தக் கண்ணுக்குள் மட்டும் முளைத்ததா, இல்லை பிறவியிலேயே உடம்பு முழுக்கக் கலந்து வந்ததா? கண்ணோடு நின்றிருந்தால் இடது கண்ணைப் பற்றிக் கவலை இல்லை. உடம்பில் இருந்தால் இடது கண்ணிலும் வரலாம். வளர்ந்த பிறகு வேறு எங்காவதும் வரலாம். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தத்தை எடுத்து, மரபணுவைப் படித்துச் சொல்வார்கள். கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அதே நாளில் தன் மகனின் ரத்தத்தைக் கொடுத்தவள் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு மீன்காரம்மா. பையனுக்கும் அதே வயது, அதே நோய், அதே வலது கண். அவனுக்குக் கட்டி பெரிதாகிவிட்டிருந்ததால் கண்ணையே எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது செயற்கைக் கண். அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து அதைக் காட்டி என் மகளைப் பயமுறுத்துவது அவனுக்குப் பிடித்த விளையாட்டு.

முடிவு முதலில் வந்தது அவளுக்கு. ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் வராந்தாவிலேயே சொன்னாள்: "உங்க பையன் ரத்தத்துல ஒண்ணும் இல்லம்மா. அந்தக் கண்ணோடயே போச்சு."

மீன்காரம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினேன். "ஏம்மா, ஒரே நாள்லதானே குடுத்தோம்? எங்களுது மட்டும் ஏன் லேட்டு?"

"அவங்க பையனோட கட்டியே எங்ககிட்ட இருக்கு சார். அதோட மரபணுவுல எந்த எழுத்து தப்பாயிருக்குன்னு பாத்துட்டு, அதை மட்டும் ரத்தத்துல தேடினாப் போதும். உங்க பாப்பாவோட கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கே. நாங்க புத்தகம் பூராவும் படிக்கணும்."

வயிற்றெரிச்சல் என்பது பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே தொப்புளுக்கு மேலே எரிகிறது. எதிர் மண்டபத்துக்கு வைகாசி முகூர்த்தம் எல்லாம் புக் ஆனபோதுகூட இப்படி எரிந்ததில்லை. ஒரு கண் இல்லாத பிள்ளையைப் பெற்றவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னா சார், அப்டி பாக்குறே? என் புள்ள மேல கண்ணு வைக்கிறியா?"

"சேச்சே! நான் சந்தோஷமா..."

"வச்சிட்டே. மூஞ்சியிலயே எழுதிக் கீது. வா, காலடி மண்ணு குடு."

கண் வைத்தவனின் காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டால் திருஷ்டி போய்விடும் என்பது வழக்கம். ஆஸ்பத்திரித் தரையோ ஃபினாயில் போட்டுத் துடைத்த டைல்ஸ். அங்கே மண்ணுக்கு எங்கே போவது? வண்டி நிறுத்துமிடத்துப் புங்க மரத்தடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றி நின்றேன். அறிவுள்ளவன் சிரித்திருப்பான். எனக்கோ பயம்தான்: ஒருவேளை என் கண் பலித்துவிட்டால்? அந்தப் பையனின் மிச்சக் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த என் மனைவி, "நல்லா அழுத்தி மிதிங்க" என்றாள். "உங்களுது சாதாரணக் கண்ணு இல்ல."

மீன்காரம்மா ஒரு சிட்டிகை மண்ணை வழித்து முந்தானையில் முடிந்தாள். பிறகு போகாமல் நின்றாள். தன் செருப்பையும் உதறினாள்.

"நீயும் எடுத்துக்க சார்."

"நான் எதுக்கு?"

"உம் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் கீதே! அத்தப் பாத்து எத்தினி நாளு எரிஞ்சுகினு இருந்தேன் தெரியுமா? எம் புள்ளைக்குப் புடுங்கிட்டாங்க, இதுக்கு மட்டும் வுட்டுட்டாங்களேன்னு."

குனிந்து அவள் காலடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அவள் அடிக்கடி வராந்தாவில் என் மகளுக்கு முறுக்கு நீட்டியது நினைவுக்கு வந்தது. எரிந்துகொண்டேதான் நீட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார்.

"ரத்தத்துல இருக்கு. நேத்து மயக்கம் குடுத்துப் பாத்ததுல இடது கண்ணு சுத்தமா இருக்கு. மாசாமாசம் கொண்டு வாங்க. சின்னதா ஒண்ணு வந்தாலும் வந்தவுடனே பிடிச்சிடலாம்; அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டே. இது உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கலாம், இல்ல குழந்தைகிட்டயே புதுசா ஆரம்பிச்சிருக்கலாம். உங்க ரத்தத்தையும் குடுத்துட்டுப் போங்க."

ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை. தேடித்தான் பார்த்தேன்.

வெளியே மீன்காரம்மா காத்திருந்தாள். "இன்னா சொன்னாங்க?"

"இருக்காம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் கண்ணுதான் சார். பாவி, நான்தான்..."

"அட, நீ வேறம்மா. இது பாப்பா அவ அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே வந்தது. அப்ப நீ எங்க இருந்தே?"

"மார்க்கெட்டுல."

"என்ன வித்தே?"

"சங்கரா... நெத்திலி..."

"அப்புறம் என்ன? யாவாரத்த விட்டுட்டு எம் பொண்ணையா பாத்துகினு இருந்தே?"

அழுகையும் சிரிப்புமாக என் தோளில் ஒரு அடி போட்டாள். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவர்களுக்கு இனி எப்போதாவதுதான் வர வேண்டியிருக்கும். பஸ்ஸைப் பிடிக்க வாசல் தாண்டி வேகமாக நடந்தாள். என் மனசு விசாலமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அந்த முதுகு மறைகிறவரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

மனைவி முதலில் ரத்தம் கொடுத்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "உங்களுதா மட்டும் இருக்கக் கூடாது" என்றாள்.

"ஏன்?"

"என்கிட்ட இருந்துச்சுன்னா நான் அழுதுட்டு விட்டுடுவேன். உங்ககிட்ட இருந்துச்சுன்னா நீங்க சாகிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க. அதை என்னால பாக்க முடியாது."

ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் என் கையில் ரப்பர் குழாயைக் கட்டினாள். மடியில் இருந்த மகள், ஊசி உள்ளே இறங்குவதை இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.