வாளி தூக்கிய பெண்

பனச்சமூட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அம்மாவின் அண்ணன் வீடு. நடுவில் கேரள, தமிழ்நாட்டு எல்லை. நடந்தால் பத்து நிமிடம். இரண்டு வீட்டிலும் டி.வி. இருந்தது, இரண்டிலும் பாதி நேரம் தில்லியிலிருந்து வரும் இந்திதான் ஓடும். ஆனால் மாமா வீட்டில் அது யாருக்கும் புரியாது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் இந்தி கிடையாது. நானும் அக்காவும் படித்தது தமிழ் மீடியமே ஆனாலும் கேரளத்துப் பள்ளிக்கூடம் என்பதால், ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி உண்டு. அதனால் சனிக்கிழமை காலை மாமாவும் அத்தையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மாநிலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு அர்த்தம் கேட்க வந்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு ஒரு ஜப்பான் பொம்மைப் படம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் வரைந்தது, இந்தியில் பேசியது. கடலோர ஊர் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு வகுப்பு, அவ்வளவுதான் கதை. ஒரு வாரம் முழுக்க மழை பெய்யும், இரண்டு பேருக்கு ஒரு குடை இருக்கும். இன்னொரு வாரம் முழுக்க ஜன்னல் துடைப்பார்கள். குட்டை முடி வைத்த ஒரு பெண் தினமும் பிந்தி வருவாள், வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டே ஓடுவாள். தடித்த கண்ணாடி போட்ட வாத்தியார் பாடத்தின் நடுவில் தூங்கிவிடுவார்.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்த அபிப்பிராயங்களை எழுதி வைத்திருந்தால் ஒரு புத்தகம் தேறும். மாமாவுக்குப் பெரிய குறை, இதில் வில்லன் இல்லை. "நாலு வாரமாச்சு, ஒருத்தன் ஒருத்தன அடிக்கல்ல. இதெல்லாம் ஒரு கதையா?" என்பார். ஆனால் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. அப்பா பஸ் கண்டக்டர், நெய்யாற்றின்கரைக்கும் வெள்ளறடைக்கும் இடையில் ஓடுபவர். அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று சத்தமில்லாமல் ரயில் ஏறுவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரியும். "நம்ம பஸ்ஸுல ஒரு நாள் காலையில ஏத்தி விடணும் இவனுவள. கன்செஷன் கார்டு கேட்டா ஜன்னல் வழியா சாடுவானுவ" என்பார். பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. தலை வாராமல் ஓடும் பெண்ணைத்தான் பிடிக்கவில்லை.

இன்னொரு பார்வையாளர் மீன்காரம்மா. கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பனச்சமூட்டுச் சந்தையில் பாதியை விற்றுவிட்டு, மீதியை வீடு வீடாகக் கொண்டு வருவாள். மீன் சுமக்கும் சருவப் பாத்திரத்தோடு ஏற விடாத கண்டக்டர்கள் உண்டு. அப்பா பின்படிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுப்பவர். அந்த உறவில் எங்கள் வீட்டுக்குச் சாளை மீன் கொஞ்சம் கூடுதலாக விழும். சருவத்தை வாசலில் இறக்கி, மேலே சாக்கை நனைத்துப் போட்டுவிட்டு நடையில் உட்கார்ந்து அவளும் பார்ப்பாள். "இத்தர கடல் காட்டுதானுவ, ஒரு வள்ளம்கூட காணல்லியே" என்பது அவள் விமர்சனம். பிறகு, "ஆனா இதுல ஆரும் சாவல்ல. எனக்கு அது பிடிச்சிருக்கு" என்பாள்.

இவர்களுக்கெல்லாம் இந்தியைத் தமிழாக்கிச் சொல்பவள் முதலில் அக்காதான். நன்றாகச் சொல்வாள். வாத்தியாருக்கு ஒரு குரல், பிள்ளைகளுக்கு ஒரு குரல். அந்த வருடம் அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். ஜெயிக்க அறுநூற்றுக்கு இருநூற்றுப் பத்து வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த பத்திரிகையில் அவள் நம்பருக்கு முந்தைய நம்பரும் இருந்தது, பிந்தைய நம்பரும் இருந்தது. அப்பா விரலை வைத்து மூன்று தடவை பார்த்தார். மார்க்கு வந்தபோது இருநூற்று நான்கு. கணக்கில் விழுந்துவிட்டாள். இந்திதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கூடுதல்.

அதற்குப் பிறகு யாராவது வீட்டுக்கு வந்தால் அக்கா அடுக்களைக்குள் போய்விடுவாள். சனிக்கிழமைகளில் தேங்காய் துருவினாள். அத்தனை தேங்காய் எங்களுக்குத் தேவையே இல்லை. அவள் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். நான் எட்டாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த இந்தியில் மூன்றில் ஒரு பங்குதான் புரியும். மிச்சத்தை முகத்தைப் பார்த்து அடித்து விடுவேன். யாருக்கும் தெரியாதே என்ற தைரியம்தான்.

அக்கா மறுபடி பரீட்சை எழுத வேண்டுமானால் நவம்பரில் ஒரு திங்கட்கிழமைக்குள் நெய்யாற்றின்கரையில் ஃபாரம் கொடுக்க வேண்டும். ஃபாரத்தை அப்பா வாங்கி அலமாரி மேல் வைத்திருந்தார். அக்கா அதைத் தொடவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே எழுந்து போய்விடுவாள். மாமா தம்மாலான உதவியாக, அந்தப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சொல்லி வைத்திருந்தார். ஃபாரம் போகவில்லை என்றால் அவள் அங்கே துணி எடுத்துப் போட நிற்பாள் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாமா கெட்டவர் இல்லை. பிள்ளை அடுக்களையில் கிடந்து வாடுகிறதே என்ற எண்ணம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படத்தில் முதல் பரீட்சை வந்தது. குட்டை முடிப் பெண்ணின் தாளில் சிவப்பு மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. வாத்தியார் கத்தினார். அவள் தலையைத் தொங்கப் போட்டாள். அம்மா அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

"என்ன மக்கா சொல்லுதான்?" என்று மாமா கேட்டார்.

"பாஸாயிட்டாளாம்," என்றேன். "நல்லா எழுதியிருக்கா, ஆனா கையெழுத்து சரியில்லன்னு ஏசுதாரு."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் வாத்தியார் அவளை இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வராந்தாவில் நிற்க வைத்தார். இதற்கு என்ன சொல்வது? "ஃபர்ஸ்ட் வாற பிள்ளைக்குத்தான் கிளாசுக்குத் தண்ணி கொண்டு வாற பொறுப்பு குடுப்பாங்களாம்" என்றேன்.

"எந்தொரு பள்ளிக்கூடம்!" என்று மீன்காரம்மா வியந்தாள். "படிப்பில முந்தினாலும் வேல செய்ய விடுதானுவ."

"பின்ன எதுக்கு படிக்கணும், தண்ணி சுமக்கவா?" என்றார் மாமா.

இப்படியாக, அந்த வகுப்பிலேயே பெரிய மக்குப் பெண் எங்கள் வீட்டில் மட்டும் முதல் மாணவி ஆனாள். தோற்றதெல்லாம் ஜெயித்தது, திட்டியதெல்லாம் பாராட்டியது. கூட்டத்தில் அவளுக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அம்மாகூட அவள் தலை வாராததை மன்னித்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை அத்தை சொன்னாள்: "கண்டியா, சாடிச் சாடி விளையாடினாலும் படிப்பில விடல்ல. நம்ம வீட்டிலயும் பிள்ளைகள் இருக்கே."

யாரையும் குத்த வேண்டும் என்று அத்தை சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. தோற்ற பெண் ஒருத்தியைக் கொண்டுபோய் அக்காவை அடிப்பதற்கு நானே கோலாகச் சீவிக் கொடுத்திருந்தேன். அது அப்போது எனக்கு உறைத்தது. ஆனால் உண்மையைச் சொல்லும் தைரியம் வரவில்லை. ஆறேழு வாரப் பொய்யை எங்கிருந்து பிரிப்பது?

ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை என்றால், அதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பாவுக்கும் லீவு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மறுபடி பரீட்சைத் தாள். இந்தத் தடவை கிறுக்கல் இல்லை. பெரிதாக, திரை நிறைய, சிவப்பில் ஓர் எட்டு. எட்டைப் படிக்க இந்தி வேண்டியதில்லை.

"எட்டா?" என்றார் மாமா. "எட்டு மார்க்கா பிள்ளே?"

"அங்க பத்துக்குத்தான் மார்க்கு மாமா," என்றேன்.

"அப்ப செரி. பத்துக்கு எட்டு நல்ல மார்க்காக்கும்," என்று மாமா சாய்ந்து உட்கார்ந்தார்.

"பத்துக்கில்ல மாமா. நூத்துக்கு."

அடுக்களை வாசலில் அக்கா நின்றாள். விரலெல்லாம் தேங்காய்ப்பூ. மே மாதத்துக்குப் பிறகு, ஆட்கள் இருக்கும்போது அவள் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"நூத்துக்கு எட்டு. அவ தோத்தாச்சு. போன வாரமும் தோத்தா, அதுக்கு முந்தியும் தோத்தா. இதுவரைக்கும் ஒரு பரீட்சையும் அவ ஜெயிக்கல்ல. அந்தத் தண்ணி வாளி தண்டனையாக்கும்."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாமா என்னைப் பார்த்தார், அத்தை தரையைப் பார்த்தாள். திரையில் அந்தப் பெண் எட்டு போட்ட தாளைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு போனாள்.

மீன்காரம்மாதான் கேட்டாள். "தோத்துப் போயிட்டு பின்ன எதுக்கு மோளே அவ சிரிக்குதா?"

அக்கா திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "தோத்தவங்களுக்கு சாயந்திரம் தனி கிளாஸ் உண்டாம். அதுல ஆளு குறைவு. ஜன்னல் பக்கத்து சீட்டு எனக்குத்தான்னு கூட்டுக்காரிகிட்ட சொல்லுதா."

அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. மீன்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் மூணாங் கிளாசுல ரெண்டு வருசம் கிடந்தவளாக்கும். எனக்கு ஆரும் தனி கிளாஸ் வைக்கல்ல" என்றாள். பிறகு, "இப்பத்தான் இவள எனக்கு ரொம்பப் பிடிக்குது" என்றும் சொன்னாள்.

அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் நகர்ந்து கொடுத்தேன். மீதிப் படத்தை அவள்தான் சொன்னாள், வாத்தியாருக்கு ஒரு குரல், பிள்ளைகளுக்கு ஒரு குரல். முடிந்ததும் மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப நான் இத்தனை நாள் பார்த்தது என்ன கதையாக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஜவுளிக்கடையைப் பற்றி அன்றைக்கு அவர் எதுவும் பேசவில்லை. படி இறங்கும்போது அக்காவிடம், "அடுத்த சனியாழ்ச்சை வாறோம், நீயே சொல்லணும்" என்றார்.

எல்லோரும் போன பிறகு அப்பா அலமாரி மேலிருந்து ஃபாரத்தை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தார். "திங்கக்கிழமை நெய்யாற்றின்கரைக்கு முதல் ட்ரிப் எனக்காக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அக்கா பாறசாலையில் ஒரு டியூட்டோரியலில் சேர்ந்து அடுத்த மார்ச்சில் எழுதினாள், ஜெயித்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனதில் இத்தனை காலம் கிடப்பது அது இல்லை.

அன்று சாயங்காலம் அவள் ஃபாரத்தை நிரப்ப உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பேனா மூடியை உருட்டிக்கொண்டிருந்தேன். முன்பு எழுதிய பரீட்சையின் நம்பர் கேட்கும் கட்டம் வந்தது. ஹால் டிக்கெட்டைத் தேடி எடுத்து வரட்டுமா என்று எழுந்தேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, பத்திரிகையில் வராத அந்த நம்பரை அவள் பார்க்காமலே எழுதினாள்.

"எனக்கு எல்லாமே கேட்டுது, தெரியுமா?" என்றாள், தலை நிமிராமல். "முதல் வாரத்திலயிருந்தே. அடுக்களையில இருந்தா இந்தி மறந்தா போவும்?"

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு சனியாழ்ச்சையும் பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்காவது நீ சொல்லுவியான்னு."

"ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"அவ தோத்துப் போனான்னு நீ ஒரு தடவ சத்தமா சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே வெளிய வந்திருப்பேன் பிள்ளே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கி என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு அடுத்த கட்டத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.