பாத்திரம் வரும் பக்கம்

காக்ஸ் டவுனில் யாராவது தீராத நோயில் படுத்துவிட்டால், பெட்டி என்கிற பெண் அந்த வீட்டில் போய் நிற்பாள். உடம்பு துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், முகம் சுளிக்க மாட்டாள். பயம் என்பதே அவளுக்குக் கிடையாது என்று கிறிஸ்தவ சபையில் பேசிக்கொள்கிறார்கள். அது தப்பு. பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள் அவள். டைப்பிஸ்ட்டாக இருந்தவள்; ஆஸ்பத்திரி வாடையே ஆகாது.

இதெல்லாம் தொடங்கியது 1998இல், தம்பி ஜெயசீலன் பம்பாயிலிருந்து எய்ட்ஸோடு வீடு திரும்பியபோது. அம்மா இறந்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் பெட்டிதான். வேறு போக்கிடம் அவனுக்கு இல்லை.

கன்னியர் மடத்திலிருந்து காலையில் வந்துபோன நர்ஸ் அல்போன்சா விவரமாகச் சொல்லிக்கொடுத்தார். தொட்டால் ஒட்டாது, எச்சிலாலும் ஒட்டாது. இடது காலில் பலமில்லை. நடக்கும்போது அந்தப் பக்கம்தான் நின்று தாங்க வேண்டும். பெட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் போனதும் தம்பியின் தம்ளரைத் தனியாக டெட்டாலில் கழுவினாள். மாறிப்போகாமலிருக்க அதன் அடியில் நகப்பாலிஷால் புள்ளி வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான்.

ஈஸ்டர் நெருங்கியபோது ஒன்றே ஒன்று கேட்டான். கோயிலுக்குப் போய்த் திருவிருந்து எடுக்க வேண்டும். அங்கே திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் வாய் வைத்துக் குடிப்பார்கள்.

விஷயம் பரவி, சபைச் செயலர் தேவராஜ் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, காபி வேண்டாமென்றார். போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுவார், குழந்தைகுட்டி உள்ளவர்கள் பயப்படுகிறார்கள் என்று சுற்றி வளைத்தார். அவன் நடந்து வருவான் என்றாள் பெட்டி.

"வரட்டும்மா. அவன் பக்கத்துல யாரு முட்டி போடுவா?"

"நான் போடறேன்."

சொன்ன பிறகுதான் அந்த ஒரே பாத்திரம் ஞாபகம் வந்தது. தேவராஜுக்கு இருந்த அதே பயம்தான் அவளுக்கும். அவரால் எழுந்து வீட்டுக்குப் போக முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பலம் கொடும் ஆண்டவரே என்று ஜெபித்தாள். ஜெபித்துக்கொண்டே கணக்கும் போட்டாள். பாத்திரம் வலமிருந்து இடமாக வரும். தம்பிக்கு வலது பக்கம் முட்டி போட்டால், அவனுக்கு முன்னால் தான் குடித்துவிடலாம். இடது பக்கத்துக்குக் கைத்தடி போதும். அல்போன்சாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஞாயிறன்று கோயிலில் அவர்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. வரிசை எழுந்தபோது பெட்டி அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பீடத்துக்கு முன்னால் ஒரு படி. வழவழப்பான கல். கைத்தடி சறுக்கியது, அவன் இடது பக்கமாகச் சரிந்தான். பெட்டி யோசிக்கவில்லை. பின்னால் சுற்றி ஓடி, அவன் இடது அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தாங்கினாள். அப்படியே முட்டி போட வைத்துத் தானும் போட்டாள்.

போட்ட பிறகுதான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று உறைத்தது.

தோளை எடுத்தால் அவன் விழுவான். ஐயர், "உனக்காகச் சிந்தப்பட்ட ரத்தம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். ரத்தம். அந்த மாதங்களில் பெட்டி மிகவும் பயந்த சொல் அது. பாத்திரம் ஜெயசீலனிடம் வந்தது. அவன் உதட்டை இறுக்கி, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, அக்காவுக்குக் கொடுங்கள் என்று கண்ணால் காட்டினான். ஐயர் தயங்கினார்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இதற்காகத்தான் அத்தனை கஷ்டப்பட்டு வந்தான். அவளுக்காக அதை விட்டுவிடப் பார்க்கிறான்.

"குடி, சீலா," என்றாள் காதோரம். "உனக்கப்புறம் நான் குடிக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு குடித்தான். ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி அவளிடம் நீட்டினார். விளிம்பு பல்லில் இடித்தது. ஒரு வாய் நிறையக் குடித்தாள்.

அன்பு வந்தால் பயம் ஓடிவிடும் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். பெட்டியின் பயம் எங்கும் ஓடவில்லை. பக்கத்திலேயே முட்டி போட்டிருந்தது. அவள் கேட்ட பலம் தனியாக எங்கிருந்தோ இறங்கி வரவும் இல்லை. தம்பி விழப்போனபோது அவளை ஓட வைத்தது எதுவோ, அதுதான் பலம், வேறு கிடையாது.

அவளுக்கு அடுத்திருந்தது தேவராஜின் மனைவி காந்தா. பெட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அது காந்தாவின் பாடு. அவனை எழுப்புவதே பெரும்பாடாக இருந்தது.

ஆட்டோவில் அவன் மெதுவாகக் கேட்டான். "பயமா இருந்துச்சாக்கா?"

"இப்பவும் இருக்கு. நீ காலை உள்ள இழுத்துக்கோ," என்றாள் பெட்டி. பள்ளம் பார்த்துப் போகும்படி டிரைவரிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.